ஒரு சான்றிதழும் இரண்டு அலுவலகங்களும்
பல்கலைக்கழக நிர்வாகிகளின் கூட்டமைப்புகள் எப்படி இயங்குகின்றன, நமக்கு அதில் என்ன இருக்கிறது?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூலை மாதம். பாகூர் ஏரிக்கரைப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து ஓர் அம்மா பள்ளிக்கு வந்திருந்தார். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையனின் தாய். "டீச்சர், பையனுக்கு வெளி மாநிலத்துல எம்.எஸ்சி. கெடச்சிருக்கு. ஆனா பேரு ஒத்துவரலையாம், அட்மிஷன நிறுத்தி வச்சிருக்காங்களாம். நீங்கதான் அந்தப் பேர எழுதுனீங்கன்னு சொல்றான்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை, விவரமாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அது உண்மை. அந்த ஆண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் தயாரித்தவள் நான்தான். ஆங்கிலத்தில் அவன் பெயரில் ஓர் 'எச்' விட்டுப்போயிருந்தது. பிறப்புச் சான்றிதழில் எச் இருந்தது, பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இல்லை. கல்லூரியில் சேர்ந்தபோது இன்ஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். அப்பா பெயர் பின்னால் வந்தது. வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தின் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம். நம் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயர் ஏது? அங்கும் அப்பா பெயரைப் போட்டான். கணினி அதை முன்னால் கொண்டுவந்து வைத்தது. கடைசியில் ஒரே பையன் மூன்று சான்றிதழ்களில் மூன்று பேராக நின்றான். இடப்பெயர்வுச் சான்றிதழைக் குறிப்பிட்ட நாளுக்குள் கொடுக்காவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

அந்த அம்மாவோடும் பையனோடும் பட்டம் கொடுத்த பல்கலைக்கழக அலுவலகத்துக்கு நானும் போனேன். எங்கள் கதையைக் கேட்ட கண்காணிப்பாளர் ஒருவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கைபேசியை எடுத்தார். அந்த வெளி மாநிலப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பிரிவில் இருந்த ஓர் அதிகாரியைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசினார். இருவரும் முன்பு ஒரு பயிற்சி முகாமில் ஒரே அறையில் தங்கியவர்களாம். "இவரும் அவரும் ஒருவரே" என்று வட்டாட்சியர் அலுவலகச் சான்று ஒன்று, நோட்டரி முன் உறுதிமொழி ஒன்று, இரண்டு வாரத் தவணை. இவ்வளவும் ஐந்து நிமிடப் பேச்சில் முடிவாயிற்று. அதன்பின் இரண்டு வரி மின்னஞ்சல் போயிற்று. பையனுக்கு இடம் கிடைத்தது.

பேருந்தில் திரும்பி வரும்போது எனக்கு மகிழ்ச்சியைவிடக் குழப்பமே அதிகம். அந்தக் கண்காணிப்பாளருக்கு அந்த எண் தெரியாமல் இருந்திருந்தால்? இரண்டு பல்கலைக்கழகங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு முறையான வழியே கிடையாதா? தேடிப் படித்ததில் கிடைத்ததையும், நம் பள்ளிகளோடு அதை ஒப்பிட்டு யோசித்ததையும் இங்கே எழுதுகிறேன்.

மேலதிகாரி இல்லாத அலுவலகங்கள்

நம் பள்ளிகளில் ஒரு சிக்கல் என்றால் மேலே கேட்கலாம். தலைமையாசிரியர், துணை ஆய்வாளர், முதன்மைக் கல்வி அலுவலர், இயக்குநர் என்று ஏணி இருக்கிறது. இரண்டு பள்ளிகளுக்குள் கருத்து வேறுபாடு வந்தாலும் ஏணியின் ஏதோ ஒரு படியில் இருவருக்கும் பொதுவான ஒருவர் இருப்பார்.

பல்கலைக்கழகம் அப்படியில்லை. ஒவ்வொன்றும் ஒரு சட்டத்தால் பிறந்தது. புதுவைப் பல்கலைக்கழகம் 1985ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் வந்தது. அந்தமான் நிக்கோபார் தீவுகளும் லட்சத்தீவும்கூட அதன் எல்லைக்குள் அடங்கும். அதற்கு முன் புதுச்சேரிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. கடலூர் தாண்டிப் போனால் வரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தோன்றியது. அதற்கு வேறு சட்டம். ஒரு பல்கலைக்கழகத்தின் பதிவாளர் இன்னொரு பல்கலைக்கழகத்தின் பதிவாளருக்கு ஆணையிட முடியாது, கேட்டுக்கொள்ளத்தான் முடியும். பல்கலைக்கழக மானியக் குழு 1956 முதல் சட்டப்படி இயங்குகிறது. அது தரத்தை வகுக்கும், நிதி கொடுக்கும். ஆனால் ஒரு மாணவனின் தாளை இந்த மேசையிலிருந்து அந்த மேசைக்கு நகர்த்துவது அதன் வேலையில்லை.

ஆகவே சமமானவர்கள் தங்களுக்குள் பேசி ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. நிர்வாகிகளின் கூட்டமைப்புகள் எல்லாம் இந்தத் தேவையிலிருந்து பிறந்தவையே.

1857இல் இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை என்று மூன்று பல்கலைக்கழகங்கள்தாம். மூன்று பேர் என்றால் கடிதம் போட்டே காலம் தள்ளலாம். 1916க்குப் பிறகு மைசூர், பனாரஸ், பாட்னா, உஸ்மானியா, லக்னோ, டாக்கா, டெல்லி, நாக்பூர் என்று மளமளவென்று வந்தன. ஓரிடத்து இன்டர்மீடியட் இன்னோரிடத்தில் செல்லுமா, ஓரிடத்தில் தோற்றவன் இன்னோரிடத்தில் சேரலாமா, தேர்வில் மோசடி செய்து விலக்கப்பட்டவனை அடுத்த ஊரில் எப்படி அடையாளம் காண்பது? இப்படிக் கேள்விகள் குவிந்தன. 1924இல் சிம்லாவில் துணைவேந்தர்கள் கூடிப் பேசினார்கள். 1925 மார்ச்சில் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியம் உருவாயிற்று. இதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1913இல், லண்டனில் பேரரசின் பல்கலைக்கழகங்களுக்கென ஓர் அலுவலகம் தொடங்கப்பட்டிருந்தது. அதுவே இன்றைய காமன்வெல்த் பல்கலைக்கழகச் சங்கம். அமெரிக்காவில் பதிவாளர்கள் 1910லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டுவிட்டார்கள். அங்கே முதலில் கூடியவர்கள் பதிவேடு வைத்திருந்தவர்கள்; இங்கே முதலில் கூடியவர்கள் துணைவேந்தர்கள். இந்த வேறுபாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. பின்னால் வருகிறேன்.

நம் வாரியத்தில் ஒருகாலத்தில் இலங்கையும் இருந்தது. இந்தியா மற்றும் இலங்கைப் பல்கலைக்கழக வாரியம் என்றே அதற்குப் பெயர் வழங்கியது. ராதாகிருஷ்ணன், ஜாகிர் உசேன் போன்றவர்கள் அதன் தலைமையில் இருந்திருக்கிறார்கள். 1967இல் சங்கமாகப் பதிவாயிற்று. 1973இல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் என்று பெயர் மாறியது. 2025இல் நூறாண்டு நிறைந்தது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான விளையாட்டுப் போட்டி, இளைஞர் விழா என்று நாம் செய்தித்தாளில் படிப்பதெல்லாம் இந்தச் சங்கம் ஒருங்கிணைப்பவைதாம். நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்துத் துணைவேந்தர் கூட்டங்கள் நடத்துகிறது. 'யுனிவர்சிட்டி நியூஸ்' என்ற வார இதழும் அதனுடையதே. வெளிநாட்டுப் பட்டம் ஒன்று இந்தியாவில் எதற்குச் சமம் என்று சான்று கொடுக்கும் வேலையையும் பல பத்தாண்டுகளாக அதுவே செய்துவந்தது. 2025இல் மானியக் குழு இதற்கென்று தனி விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது.

சமநிலை என்பது புதுச்சேரிக்குப் பழைய கதை

இந்தச் 'சமநிலை' விஷயம் வறண்டதாகத் தோன்றலாம். புதுச்சேரிக்காரர்களுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினையாகவே இருந்தது. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது. அன்று பள்ளியில் இருந்த பிள்ளைகள் பிரெவே, பக்கலோரியா என்று பிரெஞ்சுச் சான்றிதழ்களுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். கொடி மாறிய மறுநாள் அந்தச் சான்றிதழுக்கு என்ன மதிப்பு? இந்தியக் கல்லூரி சேர்த்துக்கொள்ளுமா? அரசு வேலை கிடைக்குமா?

1956 மே மாதம் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பிரெவே, பக்கலோரியா போன்றவற்றுக்கு இந்தியப் பல்கலைக்கழகப் பட்டங்களோடும் சான்றிதழ்களோடும் சமநிலையை இந்திய அரசு ஏற்கும். இரு அரசுகளும் நியமிக்கும் கூட்டுக் கல்விக் குழு அதை வரையறுக்கும். இங்கே கொடுக்கப்பட்ட சட்ட, மருத்துவப் பட்டங்களுக்கும் அது பொருந்தும் என்கிறது அந்தப் பிரிவு. இரண்டு நாடுகள் நிலத்தை ஒப்படைக்கும் பத்திரத்தில் ஒரு பள்ளிப் பிள்ளையின் மார்க் சீட்டுக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். யாரோ ஒரு கல்வி அலுவலர் அதை நினைவுபடுத்தியிருக்க வேண்டும் என்று நான் கற்பனை செய்துகொள்வதுண்டு.

அந்தப் பழக்கம் நமக்கு இன்றும் விட்டபாடில்லை. ஒரே யூனியன் பிரதேசத்துக்குள் புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும், மாகே கேரளத்தையும், ஏனாம் ஆந்திரத்தையும் பின்பற்றி வந்தன. 2023-24 முதல் அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகளும் மத்திய வாரியத்துக்கு மாறின. நம் வகுப்பறையில் அண்ணன் ஒரு வாரியத்தில் முடித்திருப்பான், தங்கை வேறு வாரியத்தில் எழுதுவாள். நகரத்தில் பிரெஞ்சு லிசேயில் இன்றும் பக்கலோரியா எழுதுகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் உள்ள இலங்கைத் தமிழர் குடும்பங்களில் ஜி.சி.இ. முடித்துவிட்டு வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். சமநிலை என்ற சொல் நம் ஊரில் தேநீர்க்கடை வரைக்கும் வந்துவிடுகிறது.

இன்னும் பழையதும் ஒன்று உண்டு. நிருபதுங்கவர்மப் பல்லவனின் பாகூர்ச் செப்பேடு, ஒன்பதாம் நூற்றாண்டில் நம் வாகூர் வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. வில்லியனூரிலிருந்து மேற்கே போனால் வரும் திருபுவனையில் பதினோராம் நூற்றாண்டுச் சோழர் கல்வெட்டு, 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் கொண்ட ஒரு கல்லூரியைப் பற்றிப் பேசுகிறது. அதை நடத்தியது ஊர்ச்சபை. அங்கே படித்தவர்களுக்கும் கற்பித்தவர்களுக்கும் ஊர் வாரியப் பணிகளிலிருந்து விலக்கு அளித்திருந்தார்கள். வாக்காளர் பட்டியல் சரிபார்க்கும் பணி வரும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்வெட்டு நினைவுக்கு வரும்.

கம்பி வழியே போவதும் போகாததும்

இப்போது எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, ஆள் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பல்கலைக்கழக நூலகங்களை இணைக்க 1991இல் இன்ஃப்லிப்நெட் தொடங்கியது. இன்று காந்திநகரிலிருந்து இயங்குகிறது. 2010இல் தேசிய அறிவு வலைப்பின்னலுக்கு ஒப்புதல் கிடைத்து, உயர்கல்வி நிறுவனங்களை அதிவேகக் கம்பி இணைத்தது. 2015இல் டிஜிலாக்கர். 2021 ஜூலையில் மதிப்பெண் வங்கி என்று நாம் சொல்லும் கல்விக் கடன்மதிப்பு வங்கி. பிறகு நம் கைக்கே வந்து சேர்ந்தது அபார் எண்.

அபார் பதிவு செய்த எந்த ஆசிரியரிடமும் கேளுங்கள். பெற்றோரின் ஒப்புதல் வாங்கி, யுடைஸ் தளத்தில் ஏற்றினால், ஆதாரில் உள்ள பெயரும் பள்ளிப் பதிவேட்டில் உள்ள பெயரும் ஒத்துவராத பிள்ளைகளுக்கு எண் உருவாகாது. ஆதாரில் புள்ளியோடு இன்ஷியல், பள்ளியில் புள்ளியில்லாமல். அங்கே 'எச்', இங்கே இல்லை. கணினி நேர்மையானது; ஒத்துவரவில்லை என்று சொல்லிவிடும். ஏன் ஒத்துவரவில்லை, இருவரும் ஒருவர்தானா என்று தீர்மானிக்க அதனால் முடியாது. அதற்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஒருவர் வேண்டும். அந்தக் கையெழுத்தை நம்ப மறுபக்கத்திலும் ஒருவர் வேண்டும். அந்த நம்பிக்கையைத்தான் கூட்டமைப்புகள் சேமித்து வைக்கின்றன. அந்தக் கண்காணிப்பாளர் கைபேசியில் செலவழித்தது, ஏதோ ஒரு பயிற்சியில் பத்து நாள் சேர்ந்து சாப்பிட்டதில் கிடைத்த முதல்.

உயர்கல்வி நிர்வாகிகளுக்கான பயிற்சிகளை நடத்தும் இடங்களில் முதன்மையானது டெல்லியில் உள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிர்வாக நிறுவனம். 1962இல் யுனெஸ்கோ தொடங்கிய ஆசிய வட்டார மையம் ஒன்றே அதன் தொடக்கம். அங்கே போய்வந்த சிலரிடம் பேசியிருக்கிறேன். வகுப்பில் கேட்டது மறந்துவிட்டது, மாலை நேர அரட்டையில் கேட்டதுதான் உதவுகிறது என்றே பெரும்பாலும் சொன்னார்கள். தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்களுக்கு வினாத்தாள் கசிவு, விடைத்தாள் திருத்தத் தாமதம். நிதி அலுவலர்களுக்கு ஓய்வூதியப் பாக்கி. பதிவாளர்களுக்கு நீதிமன்ற வழக்குகள். ஒருவருக்கு நேர்ந்தது நாளை அடுத்தவருக்கு நேரும். முதலில் பட்டவர் சொல்லிவிட்டால் மற்றவர் தப்பிக்கலாம்.

முன்பு குறிப்பிட்ட வேறுபாட்டுக்கு வருகிறேன். நம் நாட்டில் கூட்டமைப்பு மேல்மட்டத்தில் வலுவாக இருக்கிறது. துணைவேந்தர்கள் சந்திக்கிறார்கள், தீர்மானம் போடுகிறார்கள். ஆனால் மாணவனின் கோப்பு துணைவேந்தர் மேசைக்குப் போவதில்லை. பிரிவு உதவியாளர், கண்காணிப்பாளர், துணைப் பதிவாளர் ஆகியோரின் மேசைகளில்தான் அது நிற்கிறது. அந்த மட்டத்தில் இருப்பவர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய பயிற்சி நட்பிலும் சமாளிக்கிறார்கள். ஆள் ஓய்வு பெற்றால் அல்லது இடம் மாறினால் தொடர்பு அவரோடு போய்விடுகிறது. எங்களுக்கு உதவிய கண்காணிப்பாளரும் அடுத்த ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டார். பின்னர் வேறொரு மாணவிக்காக அதே அறைக்குப் போனபோது அங்கே இருந்தவர் நல்லவர்தான், ஆனால் அவரிடம் யாருடைய எண்ணும் இல்லை. கடிதம் எழுதினார். பதில் வருவதற்குள் அந்த ஆண்டுச் சேர்க்கை முடிந்துவிட்டது. அந்தப் பெண் ஓராண்டு வீட்டில் இருந்தாள்.

நம் பக்கம்

நம்மிடமும் கூட்டமைப்பு உண்டு. பி.எட்.டில் படித்திருப்போம்: 1964-66 கோத்தாரிக் குழு பள்ளி வளாகம் என்ற கருத்தைச் சொன்னது. ஓர் உயர்நிலைப் பள்ளியைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் அதனோடு சேர்ந்து இயங்க வேண்டும். ஆய்வகம், நூலகம், ஆசிரியர் அனுபவம் எல்லாம் பகிரப்பட வேண்டும். 2020 தேசியக் கல்விக் கொள்கை அதையே மறுபடி எடுத்து, ஐந்து முதல் பத்து கிலோமீட்டர் சுற்றளவில் அங்கன்வாடி வரை சேர்த்துச் சொல்கிறது. முதலியார் குழு என்று நாம் மனப்பாடம் செய்த 1952-53 இடைநிலைக் கல்விக் குழுவின் தலைவர் லட்சுமணசாமி முதலியார், 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். பல்கலைக்கழக நிர்வாகம் தெரிந்தவர் உயர்நிலைப் பள்ளியைப் பற்றி எழுதினார். இரண்டும் ஒரே பாதையின் இரு துண்டுகள் என்று அந்தத் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது.

நடைமுறையில் நம் குறுவளக் கூட்டங்கள் எப்படி இருக்கின்றன? சுற்றறிக்கை வாசிக்கப்படும். படிவம் கொடுக்கப்படும். எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் என்று சொல்லப்படும். தேநீர். இது தவறென்று சொல்லவில்லை. ஏணியில் இறங்கி வரும் செய்திக்கு ஓர் இடம் வேண்டும்தான். ஆனால் பக்கத்துப் பள்ளி டீச்சரிடம் "உங்கள் பள்ளியிலிருந்து எங்களிடம் ஆறாம் வகுப்புக்கு வந்த பிள்ளையின் டி.சி.யில் பிறந்த தேதி இப்படி இருக்கிறது, சேர்க்கைப் பதிவேட்டில் எப்படி?" என்று கேட்க அங்கே நேரம் இருப்பதில்லை. கேட்டால் குற்றம் கண்டுபிடிப்பதாக ஆகிவிடுமோ என்ற தயக்கமும் உண்டு.

அந்தப் பையனின் 'எச்' சம்பவத்துக்குப் பிறகு நாங்கள் சில ஆசிரியர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒன்று செய்கிறோம். ஆணை எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை, அரையாண்டுத் தேர்வு முடிந்த ஒரு பிற்பகலில், எங்கள் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்கள் தலைமையாசிரியர் அனுமதியோடு சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து வருவார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெயரைப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், பதிவேடு மூன்றிலும் ஒப்பிடுகிறோம். ஒன்பதில் வாரியப் பதிவுக்குப் போகும் முன் திருத்தினால் ஒரு மனுவோடு முடியும். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு என்றால் வாரிய அலுவலகம் வரை அலைய வேண்டும். பெற்றோரையும் அன்று வரச் சொல்கிறோம். ஏனென்றால் பெயரை எப்படி எழுத வேண்டும் என்பது அவர்கள் உரிமை. சிலர் அப்போதுதான் இன்ஷியலை விரித்து எழுத முடிவு செய்கிறார்கள். ஒருமுறை ஒரு தாய், தன் பெயரின் எழுத்தையும் சேர்க்க வேண்டும் என்றார். சேர்த்தோம்.

முதல் ஆண்டு எனக்குச் சங்கடமாக இருந்தது. என் கையெழுத்தில் இருந்த பிழைகளை இளைய ஆசிரியர் ஒருவர் சிவப்பு மையில் வட்டமிட்டுக்கொண்டே போனார். பிறகு அவருடைய பதிவேட்டிலும் கிடைத்தன.

இன்னொன்றும் செய்கிறோம். கல்லூரி, பல்கலைக்கழகம், சென்டாக், வட்டாட்சியர் அலுவலகம், வாரியத்தின் மண்டல அலுவலகம் ஆகியவற்றில் எந்தச் சிக்கலுக்கு எந்தப் பிரிவு என்று ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். ஆள் பெயர் எழுதுவதில்லை. பதவி, பிரிவு, தொலைபேசி எண், போகும்போது கொண்டுபோக வேண்டிய தாள்கள், இவ்வளவுதான். யாராவது ஓர் அலுவலகத்துக்குப் போய்வந்தால் மாறியதைப் பென்சிலில் குறித்துவிட வேண்டும். ஜூனில் புதிதாக எழுதி ஒட்டுகிறோம். வில்லியனூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவர் சென்ற முறை அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார். அவர்கள் தாளில் இருந்த, எங்களிடம் இல்லாத இரண்டு எண்களை மறுநாள் அனுப்பிவைத்தார்.